ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்த்தவர்

ராமநாதபுரத்தில் வார இறுதி எம்.பி.ஏ. படித்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்தவர், ராமேஸ்வரத்தில் ஒரு ஐஸ் கம்பெனி சூப்பர்வைசர். நாற்பது வயதிருக்கும். விரல்களெல்லாம் குளிரில் வெடித்திருக்கும். நாங்கள் ஷூவோடு உட்கார்ந்திருக்க, அவர் மட்டும் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் வகுப்புக்குள் வருவார்.

அங்கே விசைப்படகுகள் சனிக்கிழமை கடலுக்குப் போய் ஞாயிறு காலை கரைக்கு வரும். போகும்போதும் ஐஸ் வேண்டும், வந்த மீனுக்கும் ஐஸ் வேண்டும். அதை அனுப்பிவிட்டுத்தான் அவர் பஸ் ஏற முடியும். முதல் வகுப்பு எப்படியும் போய்விடும்.

ஒரு ஞாயிறு, ஒருங்கிணைப்பாளர் அவரை வாசலிலேயே நிறுத்தினார்.

"அட்டெண்டன்ஸ் பத்தாது. நீங்க பரீட்சை எழுத முடியாது. ஞாயித்துக்கிழமைகூடவா ஒருத்தருக்கு வேலை இருக்கும்?"

"வேலை பாக்குறவுகளுக்கான படிப்புன்னுதானே சார் போட்டிருந்தீக? நானும் வேலைதான் பாக்குறேன்."

"ஆபீஸ் வேலையைச் சொன்னோம்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் வரவே இல்லை. உள்ளே முப்பது பேர் இருந்தோம், ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

மத்தியானம் கேன்டீனில் இறால் வறுவல். "காலையில ராமேஸ்வரத்துல வந்த இறால், ஐஸ்ல வச்சுக் கொண்டாந்தது" என்று சொல்லி ஒருங்கிணைப்பாளர் இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார். அந்தத் தட்டைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது.

எறியவில்லை. என் தட்டிலும் அதே இறால்தான் இருந்தது.