சோணைச்சாமிக்கு ஐந்து நிமிடம்

போன வாரம் பொருட்காட்சிக்குப் போன மகள் ஒரு யானை வாங்கி வந்தாள். உள்ளங்கை அளவு யானை. சந்தன மரத்தில் செதுக்கியதாம். "மோந்து பாருங்கப்பா" என்று மூக்குக்கு நேரே நீட்டினாள். மோந்தேன். கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அது சந்தனமும் இல்லை, கிந்தனமும் இல்லை. ஏதோ விறகுக் கட்டையில் எண்ணெய் தடவி வெயிலில் வைத்து எடுத்தது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். எப்படித் தெரியுமா? அந்த வாசனைக்கு நடுவில் நின்று இரண்டு வருஷம் சம்பளம் வாங்கியவன் நான்.

எழுபதுகளின் கடைசி அது. பி.ஏ. முடித்துவிட்டு வேலை தேடி அலைந்தபோது, ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு டூரிஸ்ட் பஸ் கம்பெனியில் கைடாகச் சேர்த்துக்கொண்டார்கள். சரித்திரம் படித்தவனா என்று யாரும் கேட்கவில்லை. அரைகுறை இங்கிலீஷும் கால்வாசி இந்தியும் பேசினேன், போதுமென்றுவிட்டார்கள். மேனேஜர் முதல் நாளே ஒரு சட்டம் சொன்னார். கைடு வாயில் இரண்டு வார்த்தை வரவே கூடாது. ஒன்று தெரியாது, இன்னொன்று இல்லை. எதைக் கேட்டாலும் ஏதாவது ஒன்றைக் காட்டு, ஏதாவது ஒன்றைச் சொல்லு. நானும் சொன்னேன். மீனாட்சியம்மன் கோயிலில் நான் வயது சொல்லாத தூணே கிடையாது. ஒரே தூணுக்குக் காலையில் ஒரு வயது, சாயங்காலம் ஒரு வயது சொல்லியிருக்கிறேன். பாவம், அவை எதிர்த்துப் பேசவில்லை.

முதல் நாள் மதுரை, மறுநாள் கொடைக்கானல் போய்த் திரும்புவது. இதுதான் எங்கள் டூர். அந்த டைம் டேபிளை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. அவ்வளவு பெரிய கோயிலுக்கு நாற்பது நிமிடம். செருப்பைக் கழற்றிப் போட்டுத் திரும்பத் தேடி மாட்டுவதற்கே பத்து நிமிடம் போய்விடும். பொற்றாமரைக் குளத்துப் படியில் ஒரு அம்மாள் அசந்துபோய் உட்கார்ந்தால், "சலோ, சலோ" என்று மாடு பத்துவது மாதிரிப் பத்துவேன். திருப்பரங்குன்றம் மலையைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும், பஸ்ஸில் ஏற வேண்டும். வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது, ஜன்னல் வழியாகத்தான். தண்ணீர் கிடந்தால் குளத்தைப் பார்க்கச் சொல்வேன். வற்றிக் கிடந்தால், கரையில் இருக்கும் மாரியம்மன் கோயிலைக் காட்டிப் பேச்சை மாற்றிவிடுவேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஊர் திரும்பியதும் ஒரு கைவினைப் பொருள் கடையில் நிறுத்துவோம். அதற்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். ஒரு நிமிடம் குறையக் கூடாது. முதலாளிக்கும் கடைக்காரருக்கும் கமிஷன் ஏற்பாடு. எண்ணெய் தடவிய யானைகளும் பிள்ளையார்களும் அடுக்கி வைத்திருப்பார்கள். பயணிகளைக் கடைக்குள் கொண்டுபோய்விட்டு, விலை கேட்கிறவர்களுக்கு இந்தியில் பதில் சொல்வதும் என் வேலை. மதுரை என்றால் யானை பொம்மை விற்கிற ஊர் என்று நினைத்துக்கொண்டுதான் பாதிப் பேர் ரயில் ஏறியிருப்பார்கள்.

அப்படி ஒரு டூரில் வந்து சேர்ந்தவர்தான் கருப்பையா. பஸ் முழுக்க வடக்கத்திக் குடும்பங்கள், நடுவில் இவர் ஒருத்தர்தான் தமிழ். ஐம்பது வயது இருக்கும். மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்ப்பவர், அங்கேயே பிறந்து வளர்ந்தவர். ஆனால் பேச்சைக் கேட்டால் நேற்றுத்தான் வாடிப்பட்டிச் சந்தையிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி இருக்கும். ஆயிரங்கால் மண்டபத்தை அவர் சரியாகப் பார்க்கவே இல்லை. என் பக்கத்தில் வந்து, நாளைக்கு பஸ் சமயநல்லூர் வழியாகத்தானே போகிறது என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். ஒரு மஞ்சள் துணியை எடுத்துக் காட்டினார்.

"எங்க குலசாமி சோணைச்சாமி தம்பி. சமயநல்லூரு தாண்டிக் கண்மாய்க் கரையில, ரெட்டைப் பனைக்கு அடியில இருக்குன்னு அய்யா சாகுறப்ப சொன்னாக. ஒரு பிடி மண்ணு எடுத்துக்கிட்டா போதும். அஞ்சு நிமிசம் நிப்பாட்டுனாப் போதும்."

பிடிமண் எங்கள் பக்கத்து வழக்கம். பிழைக்கப் போன ஊரில் குலசாமிக்குக் கோயில் எழுப்ப வேண்டுமென்றால், மூலக்கோயிலில் சூடம் கொளுத்தி, உத்தரவு கேட்டு, ஒரு பிடி மண் எடுத்துப் போக வேண்டும். அந்த மண் இல்லாமல் என்ன கட்டினாலும் அது வெறும் கட்டடம்தான், சாமி வராது. கருப்பையாவின் அப்பா வெள்ளைக்காரன் காலத்தில் கப்பல் ஏறியபோது அந்த மண்ணை எடுக்காமல் போய்விட்டார். வீட்டில் எது நடந்தாலும் அந்தக் குறைதான் என்று கருப்பையாவின் மனைவிக்குப் பேச்சு. மறுபடி வர வசதிப்படாது, இந்த ஒரு தடவைதான் என்றார். இதற்காகத்தான் ஊரில் யாரையும் தெரியாத மனுஷன் எங்கள் டூருக்குப் பணம் கட்டியிருக்கிறார். எங்கள் போர்டில் வரைந்திருந்த ரூட் படத்தில் சமயநல்லூர் இருந்ததாம்.

மறுநாள் காலையில் பஸ் கிளம்பவே லேட். டிரைவர் ராமர் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை. திரும்புறப்பப் பாத்துக்குவோம் என்றார். பஸ் சமயநல்லூரைத் தாண்டும்போது வலது பக்கம் கண்மாய்க் கரையில் இரண்டு பனை ஒட்டி நின்றது. கருப்பையா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அது மறைகிறவரை பார்த்தார். கொடைக்கானலில் எல்லோரும் படகில் போனார்கள். அவர் ஏரிக்கரையில் மஞ்சள் துணியை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது மலைப்பாதையில் ஒரு லாரி மக்கர் பண்ணி வழியை அடைத்துவிட்டது. வாடிப்பட்டி தாண்டும்போதே ராமர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ரெட்டைப் பனை தெரிந்தது. கருப்பையா எழுந்து நின்றுவிட்டார். நான் முன்னால் ஓடினேன்.

"அண்ணே, அஞ்சே நிமிசம்ணே."

"கடை பூட்டிருவான்டா. ஒன்னையும் என்னையும் சேத்து மொதலாளி வீட்டுக்கு அனுப்பிருவாரு" என்றார் அவர். கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எழவில்லை.

நான் அந்த இடத்தில் கத்தியிருக்க வேண்டும். கம்பியைத் தட்டி, கீழே குதித்து, ஏதாவது செய்திருக்க வேண்டும். நாற்பது வருஷமாக அந்தக் கத்தலைத் தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறேன், என்ன பிரயோஜனம்? அன்றைக்குப் பேசாமல் வந்து என் சீட்டில் உட்கார்ந்தேன்.

கடை வாசலில் எல்லோரும் இறங்கினார்கள், அவர் மட்டும் இறங்கவில்லை. அன்றைக்கே மெட்ராஸ் ரயில், அப்புறம் கப்பல். எனக்குத் தாங்கவில்லை. துணியைக் கொடுங்கள் அண்ணே, நான் போய் எடுத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு வாரேன் என்று வாங்கிக்கொண்டேன். சத்தியமாகப் போகத்தான் நினைத்தேன். வாடகை சைக்கிளில் மிதித்தால் ஏழெட்டு மைல்தான். கடைக்காரர் விடவில்லை. இந்தி தெரிந்தவன் போய்விட்டால் வியாபாரம் யார் பார்ப்பது என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். ஒன்றரை மணி நேரம் யானை விற்றேன். முடிந்தபோது ரயிலுக்கு அரை மணி நேரம்கூட இல்லை.

கடைக்குப் பின்னால், கக்கூஸுக்குப் போகிற வழியில் ஒரு முருங்கை மரம் இருந்தது. அதன் அடியில் குனிந்து ஒரு பிடி அள்ளித் துணியில் முடிந்தேன்.

பிளாட்பாரத்தில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"உத்தரவு கேட்டுத்தேன எடுத்தீக?"

"கேட்டேண்ணே."

"அங்கன என்ன இருந்துச்சு தம்பி? கல்லா, வேலா?"

எனக்குத்தான் தெரியாது என்ற வார்த்தை வராதே. "ரெண்டு வேலுண்ணே. துருப்பிடிச்சுப் போச்சு, ஆனா நல்லா நிக்குது" என்றேன். அந்த மனுஷன் அத்தனை கூட்டத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதார். என் கையைப் பிடித்து, நீ நல்லா இருப்பே என்றார். ரயில் போனதும் குழாயடியில் போய் அந்தக் கையைக் கழுவினேன்.

மறுவருஷம் கம்பெனி விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது, உள்ளே ஒரு போட்டோவும் இருந்தது. தோட்டத்தில் சின்னதாகக் கோயில் கட்டியிருந்தார்கள். ‘சமயநல்லூர் சோணைச்சாமி துணை’ என்று பெயிண்டில் எழுதியிருந்தது. பேரனுக்கு அங்கேதான் முடியிறக்கினார்களாம். நீங்கள் சொன்னபடியே இரண்டு வேல் செய்து நட்டிருக்கிறோம் என்று எழுதியிருந்தார். அந்த மாதமே வேலையை விட்டேன். ரோஷம் என்று நினைத்துவிடாதீர்கள். இன்னொரு கடிதம் வந்தால் படிக்கப் பயம்.

யானை வந்த மறுநாள் பெட்டியைக் குடைந்து ஒரு மஞ்சள் துணியை எடுத்துக்கொண்டு சமயநல்லூருக்கு பஸ் ஏறினேன். நிஜ மண்ணை எடுத்து அவர் பிள்ளைகளுக்கு அனுப்பி, நடந்ததை எழுதிவிடலாம் என்று கிறுக்குத்தனமாக ஓர் எண்ணம். நாலுவழிச் சாலையில் இறங்கி நின்றால் பனையையும் காணோம், கரையையும் காணோம். கண்மாய் இருந்த பக்கம் ஒரு மேம்பாலம் ஏறி இறங்குகிறது. பஞ்சர் ஒட்டுகிற கடையில் ஒருவர் இருந்தார், ஐம்பது வயதுக்காரர். சோணைச்சாமியைக் கேட்டேன்.

"அந்தா, ரெண்டாவது தூணு நிக்குதுல, அங்கனதேன் இருந்துச்சு. ரோடு போட்டப்ப எடுத்துட்டாக. ஒத்தக் கல்லுதேன் ஐயா."

"வேல் எதுவும்?"

"வேலா? அதெல்லாம் கெடையாது."

எடுத்த கல்லை எங்கே வைத்தார்கள் என்றேன். அதை யார் கண்டது என்றார். சரி, மண்ணையாவது எடுப்போம் என்று தூணுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன். சூடத்தைக் கொளுத்தினேன், லாரிக் காற்றில் அணைந்துகொண்டே இருந்தது. அவர் பின்னாலேயே வந்து நின்று பார்த்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

"இத எதுக்கு அள்ளுறீக? மேடாக்குறதுக்கு எங்கெங்கிருந்தோ லாரியில கொண்டாந்து கொட்டுன மண்ணு ஐயா இது. இந்த ஊரு மண்ணு அம்புட்டும் அடியில போயிருச்சு."

கை நிறைய இருந்ததை அங்கேயே உதறிவிட்டு, துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். திரும்பி வருகிற பஸ்ஸில், மலாயாவில் முருங்கை மரத்தடி மண்ணுக்கு மேலே நிற்கும் அந்த இரண்டு வேல்களையும் விட்டால் சோணைச்சாமிக்கு வேறு இடம் கிடையாது என்பது உறைத்தது. கடிதம் எழுதவில்லை.