கையெழுத்தில்லாத வரி

புத்தூரில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் தன் கார் ஷெட்டில், இரண்டு பேர் உட்காரக்கூடிய குட்டி விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். ஒல்லி உடம்பு, கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில். ஒவ்வொரு வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, அதைப் பராமரிப்புப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் அடுத்த ஸ்பானரைத் தொடுவார்.

முதன்முதலாக என்ஜினை ஓடவிடும் நாளில் தெருவே கூடிவிட்டது. ஸ்ரீரங்கத்திலிருந்து உறவினர்களும் வந்திருந்தார்கள். பதிவேட்டைக் கடைசியாகப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். புரொப்பல்லர் போல்ட்டுகளை முறுக்கியதாக எழுதிய வரிக்குப் பக்கத்தில் கையெழுத்து இல்லை.

“நீங்கதான சார் எழுதினீங்க? இப்பப் போட்டுடுங்க,” என்றேன்.

“எழுதினது நான்தாங்க. ஆனா ஏன் கையெழுத்துப் போடாம விட்டேன்னு ஞாபகம் இல்லையே. கழற்றிப் பாக்காம இன்னைக்கு என்ஜினை ஓடவிட மாட்டேன்.”

கூட்டம் முணுமுணுத்தபடி கலைந்தது. அவர் எல்லா போல்ட்டுகளையும் கழற்றி மறுபடி முறுக்கினார். முன்பு முறுக்கியதிலும் ஒரு குறையும் இருக்கவில்லை. அதையும் எழுதுவதற்காகக் கை கழுவப் போனார்.

அவர் மனைவி எனக்குக் கேசரி நீட்டினார். “கல்யாண ரிஜிஸ்டரையே முழுசாப் படிச்சுட்டுத்தாங்க கையெழுத்துப் போட்டார். அதனாலதான் அந்த இன்னொரு சீட்டுல நான் பயமில்லாம உக்காரப் போறேன்.”

அவரோ, காதில் விழாதவர்போல் கை கழுவிக்கொண்டே இருந்தார், வழக்கத்தைவிட அதிக நேரம்.