துரைக்குத் தைத்த கோவணம்

சீதேவிப்பிள்ளை என்று கேட்டால் வவுணதீவில் எவருக்கும் தெரியாது. "துரைட அம்மா" என்று கேட்க வேண்டும். துரை அவள் வளர்த்த பொலிகாளை. யாருக்கும் தலை குனியாமல் நடந்ததால் வந்த பெயர்.

போர்க் காலத்தில் பசுக்களுக்குச் சினை ஊசி போட அரசாங்கம் அனுப்பும் விந்துக் குடுவை பாலம் தாண்டி வருவதில்லை. பார்வைக்கு அது குண்டு மாதிரி இருந்ததால் ஆமி விடாது. ஆகவே வாவியின் மேற்குக் கரையில் கன்று வேண்டிய பசுக்களெல்லாம் துரையிடம் வந்தன. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டை விதானை வினாயகமூர்த்தி, ஏழைகளை முற்றத்தில் நிற்க வைத்தே பேசுகிறவர், சீதேவிக்குக் கதிரை போட்டு வெற்றிலை வட்டா நீட்டினார். அந்தக் கதிரை அவளுக்கு மிகவும் பிடித்துப் போயிற்று.

ஒருநாள் துரையை மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகையில், சென்றிக் காவலரணில் நின்ற சிப்பாய் அதன் பின்புறத்தைப் பார்த்து இரண்டு கைகளாலும் அளவு காட்டினான். கூட்டாளிகளையும் கூப்பிட்டுக் காட்டினான். மறுநாள் துரை தீனி தொடவில்லை. கண்ணூறு என்று சீதேவி முடிவு கட்டினாள். நிவாரணமாகக் கிடைத்த தறப்பாள் விரிப்பை இரண்டாக மடித்து ஒரு பை தைத்து, உள்ளே இலவம்பஞ்சு வைத்து, கண்பட்ட இடத்தை மூடிக் கட்டிவிட்டாள். துரையின் தொழிலுக்கு அது இடைஞ்சலாக இருக்கவில்லை. பையின் முகப்பில் நிவாரண நிறுவனத்தின் முத்திரை பளிச்சென்று தெரிந்தது. கணக்கெடுக்க வந்த வெள்ளைக்காரர் அதைப் படம் பிடிக்காமல் போனது அந்தப் போரில் நான் கண்ட ஒரே நாகரிகம்.

மூன்று மாதம் போனது. சினை பிடிக்காத பசுக்கள் திரும்பத் திரும்பக் கத்தின. விதானையார் வீட்டில் சீதேவிக்குக் கதிரை போடுவது நின்றது. பிறகு அவரே வந்தார்.

"உன்ட துரைக்குச் சாமான் சரியில்ல, சீதேவி. என்ட மூணு பசுவுக்கும் சினை நிக்கல்ல. காயடிச்சு வண்டியில பூட்டுறதுதான் வழி."

"குறை பசுவில இருக்கும், விதானையார்."

"மூணு பசுவிலயுமா? குறை காளையிலதான்."

வீட்டில் அவருடைய நியாயம் வேறு. பத்து வருடமாகப் பிள்ளையில்லாத குறை முழுவதும் மனைவி இராசாத்தியுடையது. ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் அவளை அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தத்தில் முக்கி எடுப்பார்.

சொன்ன கிழமையே ஏறாவூர் மாட்டு டொக்டர் பாறூக்கைக் காயடிக்கும் இடுக்கியோடு கூட்டி வந்துவிட்டார். குனிந்த டொக்டர் முத்திரையைக் கண்டு நிமிர்ந்தார்.

"இதென்னம்மா, நிவாரணம் இங்கயும் வந்திட்டா?"

"கண்ணூறுக்கு, டொக்டர்."

அவர் இடுக்கியை வைத்துவிட்டு நுணுக்குக்காட்டியை எடுத்தார். துரையிடம் பெற்ற துளியைக் கண்ணாடித் துண்டில் வைத்து விதானையாரைப் பார்க்கச் சொன்னார்.

"எல்லாம் செத்துக் கிடக்கு. ஒண்டு மட்டும் வட்டம் சுத்துது," என்றார் விதானையார்.

"அவிஞ்சு போச்சு. உடம்புச் சூட்ட விடக் குளிர்ச்சியான இடத்திலதான் விந்து நல்லா விளையும். அதுக்குத்தான் அல்லாஹ் வெளியில தொங்க விட்டிரிக்கான். இவ போர்வை போட்டு வேக வெச்சிட்டா. கழட்டிப்போட்டு நிழல்ல கட்டுங்க. புதுசு ஊறி வர ரெண்டு மாசம் செல்லும்."

விதானையார் குனிந்து தன் காற்சட்டையைப் பார்த்தார். சென்றியில் மரியாதை கிடைக்கும் என்று, சித்திரை வெயிலிலும் தடித்த காற்சட்டையை இறுக்கி மாட்டி, அதற்குள் இன்னொன்றும் போட்டுக்கொண்டு வட்டை சுற்றுகிறவர் அவர். டொக்டரை வேலியோரம் கூட்டிப்போனார். வேலிக்கு இந்தப் பக்கம், அடுத்த வளவில், நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"மனிசருக்கும் இந்தச் சட்டம்தானா, டொக்டர்?"

"ஓம். மாட்டுக்கு ஒண்டு, மனிசனுக்கு ஒண்டு எண்டு சட்டம் வைக்க இது அரசாங்கமில்லையே."

"அப்ப ரெண்டு மாசம் பொறுப்பம்," என்றார் விதானையார். யாருக்காக என்று சொல்லவில்லை. இடுக்கி பெட்டிக்குள் போனது.

மறுநாள் முதல் அவர் காற்சட்டையை விட்டுச் சாரம் உடுத்தார். சென்றியில் சைக்கிளிலிருந்து இறக்கிச் சோதித்தார்கள், பொறுத்துக்கொண்டார். மாலையில் துரை வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்றால், சற்றுத் தள்ளி அவரும் நின்றார். மீன்கள்கூட அந்த இடத்தை விட்டு ஒதுங்கியே சுற்றிப் போயின. சீதேவி பையை எறியவில்லை. சிப்பாய்களின் கண் இனி மேலே போகட்டும் என்று துரையின் கொம்பில் தொப்பியாக மாட்டினாள்.

பசுக்கள் சினைப்பட்டன. கன்றுகள் பிறந்த அதே கிழமை இராசாத்திக்கும் ஆண்பிள்ளை பிறந்தது. விதானையார் மாமாங்கேஸ்வரருக்குப் பொங்கல் வைத்தார். துரைக்கு ஒரு பிடி புல்லும் போடவில்லை; ஆனால் சீதேவியின் கதிரை திரும்பி வந்தது.

அவள் அதில் அமர்ந்து வெற்றிலை மென்றாள். மடியில் பிள்ளையோடு இராசாத்தி கேட்டாள்: "எல்லாரும் சட்டை தைச்சுத் தாறாங்க. நீங்க என்ன மாமி தைச்சுத் தரப்போறீங்க?"

"நான் ஒண்டும் தைக்க மாட்டன் மகள்," என்றாள் சீதேவி. "காத்துப் படட்டும்."