என் மடியில் இருந்த கை

சகோதரங்களே, முதலில் என் மடைத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். செத்துப்போன பிரான்சிஸ் வந்து என் மடியில் கை வைத்தான் என்று நான் நம்பினேன்.

பிரான்சிஸ் என் கூட்டாளி. கொட்டாஞ்சேனையில் எங்கள் அந்தோனியார் கோயிலில், செவ்வாய்க்கிழமை நவநாள் செபத்துக்கு எப்போதும் எனக்கு இடப்பக்கம் இருந்தவன். அவன் போன பிறகும் அந்த இடத்தில் நான் யாரையும் இருக்கவிட்டதில்லை.

எனக்குப் பெருங்குடலில் அழற்சி. பல வருடமாக மாத்திரை. அலுத்துப்போய் அந்தோனியாருக்கு ஒரு நேர்த்தி வைத்தேன்: ஒன்பது செவ்வாயும் வருவேன், அதுவரை மாத்திரையைத் தொடமாட்டேன். மனைவி ரீட்டாவுக்குச் சொல்லவில்லை. ஐந்தாம் செவ்வாய்க்குள் மலத்தோடு இரத்தம் போனது. விசுவாசச் சோதனை என்று எனக்கு நானே பிரசங்கம் வைத்தேன்.

ஆறாம் செவ்வாய். காலையிலிருந்து தலையிடி. மன்றாட்டின் நடுவே குனிந்தால், மடியில் ஒரு கை. தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தது. இடப்பக்கம் திரும்பினேன். ஆளில்லாத வாங்குப் பலகை. கை மட்டும் அப்படியே கிடந்தது. விரலில் என் கல்யாண மோதிரம். கள்ளன், அதையும் கழற்றிப் போட்டுக்கொண்டானே என்று நினைத்தேன்.

“கையை எடு மச்சான், பூசை நடக்குது,” என்றேன். எடுக்கவில்லை.

பேய்க்கதை சொல்லி ஊரைச் சிரிக்கவைக்கிற எனக்கு வியர்த்துக் கொட்டியது. அந்தோனியாரே, தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிறவரே, இந்தக் கைக்குச் சொந்தக்காரனைக் கண்டுபிடியும் என்று கெஞ்சினேன். அதுதான் என் செபம்.

வலப்பக்கம் இருந்த ரீட்டா அந்தக் கையைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“இது உங்கட கை.”

இல்லை என்றேன். என் வாய் கோணியிருந்ததாம். பகிடி விடுகிறேன் என்று முன்வாங்கில் சிரித்தார்கள். ரீட்டா சிரிக்கவில்லை. நவநாள் முடியுமுன்பே என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டாள்.

டொக்டர் மருந்துகளைப் பற்றிக் கேட்டார். ஒழுங்காகப் போடுகிறார் என்றாள் ரீட்டா. நான் வாயைத் திறந்தேன்.

“நிப்பாட்டிட்டன் டொக்டர். ஆறு செவ்வாய் ஆச்சு. இரத்தமும் போகுது.”

ரீட்டா என் கையை விட்டாள். பிறகு மறுபடி பிடித்தாள். எந்தக் கை என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இன்று அந்தக் கை தேத்தண்ணீர்க் கோப்பை பிடிக்கிறது. கொஞ்சம் சிந்தும், ஆண்டவருக்கு நன்றி. பிரான்சிஸின் இடத்தில் ரீட்டா இருக்கிறாள். நீங்களும் நம்பிக் கேளுங்கள். மருந்தை மட்டும் நேர்த்தி வைக்காதீர்கள்.

பிரான்சிஸ் வரவில்லை. குடல் அழற்சி மூண்டதில் இரத்தம் உறைந்து, மூளையில் ஒரு நாளத்தை அடைத்திருந்தது. அரிதாக அப்படி நடக்குமாம். அந்தக் கை என்னுடையது.