மேலே மட்டும் மின்னிய மேசை

மரத்துக்குப் பாலிஷ் போடுகிற அந்த மனிதருக்கு மினுக்கு என்று பட்டப்பெயர் வைத்த புண்ணியவானுக்குச் சிலையே வைக்கலாம். அவர் கை பட்டதெல்லாம் பளபளக்கும், பார்க்கிற பக்கம் மட்டும். வீட்டு முன்சுவருக்கு வருஷம் தவறாமல் பெயிண்ட். பின்சுவரில் செங்கல் பல்லிளிக்கும். சட்டைக்கு முன்பக்கம்தான் இஸ்திரி. "முதுகுல என்ன மூஞ்சியா இருக்கு?" என்பார்.

அவர் மனைவி தையல்காரி. காலமெல்லாம் தரையில் உட்கார்ந்து துணி வெட்டியே முழங்கால் போய்விட்டது. இனிமேல் கீழே உட்காரவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்னறையில் அவள் திறக்கப்போகும் கடைக்கு, நின்றபடியே வெட்ட ஒரு மேசை செய்துதருவதாக மினுக்கு சவால் விட்டார். லட்சணமாக இல்லையென்று வீட்டிலிருந்த பழைய மேசையையும் வந்த விலைக்கு விற்றுத் தள்ளிவிட்டார். புது மேசை சாதாரணமானதா என்ன! சுற்றிலும் கான்கிரீட், நடுவில் தேக்குப் பலகை.

கான்கிரீட் வார்க்க வந்தவன் கொத்தனாரான மைத்துனன். பலகையைத் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, அடியிலயும் ஓரத்துலயும் சீலரே அடிக்கலையே? ஈரக் கான்கிரீட்டு பட்டா வெறும் மரம் தண்ணியக் குடிச்சு ஊதிடும்."

"அட போ மாப்ளே! மேல அஞ்சு கோட்டு அடிச்சிருக்கேன், மூஞ்சி பாத்துக்கலாம். அடியில எவன் படுத்துப் பாக்கப் போறான்?"

அக்கா புருஷனிடம் அதற்குமேல் வாதாட முடியுமா? வார்த்துவிட்டுப் போனான்.

கடை திறப்பதற்கு முந்தின நாள் கான்கிரீட்டுக்கு அணைகொடுத்த சென்டரிங் பலகையைக் கழற்றினால், தேக்கு நடுவில் கூன்போட்டு நின்றது. கான்கிரீட் மூலைக்கு மூலை வெடித்திருந்தது. பாலிஷ் மட்டும் ஜம்மென்று இருந்தது. மினுக்கு சிமெண்டைத் திட்டினார், மணலைத் திட்டினார், மழையே பெய்யாத வானத்தையும் விடவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!

மறுநாள் முதல் கஸ்டமர் சீருடைத் துணியோடு வந்தாள். மனைவி அவளைப் பார்த்துச் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். வலியில் அவள் உதட்டைக் கடித்ததை மினுக்கு பார்த்துவிட்டார்.

அன்றே மைத்துனனைக் கூப்பிட்டார். "தப்பு என்னோடதுதான் மாப்ளே. ஒடைச்சிடு."

இந்தத் தடவை புதுப் பலகையின் ஆறு பக்கமும் சீலர் ஊற ஊற அடித்தார். கான்கிரீட் தொடுகிற இடமெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டினார். மைத்துனன் மறுபடி வார்த்தான்.

மனைவி தரையிலிருந்து எழ முடியாமல் கை நீட்டினாள். தூக்கிவிட்டார்.

"இது எப்பங்க காயும்?"

மாதம் ஒன்றாவது ஆகும், அதுவரை அவளுக்குத் தரைதான் என்று அவருக்குத் தெரியும்.