உளுந்து முப்பத்தைந்து நிமிடம்

3 பிப்ரவரி 2024, சனி: 35 நிமிடம், பிறகு 45. மொத்தம் 80.
7 பிப்ரவரி, புதன்: 35, பிறகு 45. மொத்தம் 80.
13 ஏப்ரல், சனி: 70, பிறகு 90. மொத்தம் 160.
23 ஏப்ரல், செவ்வாய்: 22.

அந்தமானின் பாராடாங் தீவில் சேற்று எரிமலைக்கு ஏறும் படிகளின் அடியில் சொர்ணம்மாவின் இட்லிக் கடை. கடைக்குப் பின்னால் நில அதிர்வை அளக்கும் கருவி ஒன்றைப் புதைத்திருந்தார்கள். அதன் சோலார் பேனலைத் துடைப்பது அவள் பொறுப்பு. கேட்டதுமே ஒப்புக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. சேறு கொப்பளிக்கும் முன் உள்ளங்காலுக்கடியில் தரை கூசும் என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லிவந்தாள், ஒருவரும் நம்பவில்லை. கணவன் கோவிந்தராஜ், "செருப்ப மாத்து, சரியாயிடும்" என்பான். கருவியாவது தனக்குச் சாட்சி சொல்லாதா என்று காத்திருந்தாள்.

மே மாதம் போர்ட் பிளேரிலிருந்து ஆய்வாளர் நளினி கால் தரையில் படாமல் ஓடிவந்தாள்.

"அக்கா! உங்க வல்கனோ ரெண்டு கட்டமா அதிருது! முதல்ல மெல்லிசா முப்பத்தஞ்சு நிமிஷம், வாயு ஏறுது. அப்புறம் கனமா நாப்பத்தஞ்சு நிமிஷம், சேறு ஏறுது. மெயின்லாண்ட் ஆபீஸே ஆடிப்போச்சு!"

அவள் விரித்த காகிதத்தில் கருவி வரைந்த கோடுகளைப் பார்த்ததும் சொர்ணம்மாவுக்கு என்னவோ குறுகுறுத்தது. கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று தெரியாத ஊர். மாவு அரைத்த நேரத்தை நாள்காட்டித் தாளில் குறித்து, கிழித்த தாளைக் கம்பியில் குத்தி வைப்பது அவள் வழக்கம். கம்பியை எடுத்துப் பார்த்தாள்.

"புதன், சனிதானே மேடம்?"

"ஆமா! எப்படித் தெரியும்?"

"முதல்ல உளுந்து. அப்புறம் அரிசி. அது வல்கனோ இல்ல மேடம், என் கிரைண்டர்."

கோவிந்தராஜ் குடித்த டீ மூக்கு வழியாக வந்தது. "அரே பாப்ரே! வருஷப் பொறப்புக்கு முந்தின நாள் டபுளா குமுறுச்சே, அது டபுள் மாவு!"

முகம் வெளுத்து நின்ற நளினியும் கடைசியில் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள்.

மெயின்லாண்ட் ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை. முதல் கடிதம் விளக்கம் கேட்டது. இரண்டாவது, ஜூன் முடிவதற்குள் கருவியைத் தோண்டி எடுக்கச் சொன்னது. இருந்த ஒரே சாட்சியும் போகிறது என்றதும் சொர்ணம்மா கடையைக் கணவனிடம் விட்டுவிட்டு, கம்பியோடு போர்ட் பிளேருக்குப் பஸ் ஏறினாள். நளினியின் மேசையில் அதை வைத்தாள்.

"இட்லியக் கழிச்சிட்டுப் பாருங்க. மிச்சம் என்ன நிக்குதுன்னு பாப்போம்."

ஒரு தாள், ஒரு கோடு என்று இருவரும் அடித்துக்கொண்டே வந்தார்கள். புதன்கள் போயின, சனிகள் போயின. மிஞ்சியது ஒன்றே ஒன்று: 23 ஏப்ரல், காலை 11.20 முதல் 22 நிமிடம். அன்றைய தாளில் சொர்ணம்மாவின் கையெழுத்து: "விடிஞ்சதிலிருந்து கரண்ட் இல்லை. மாவு இல்லை. 11.20 கால் கூசுது."

நளினி எழுந்த வேகத்தில் நாற்காலி மல்லாந்தது. இரண்டு பெண்களும் கைகோத்துத் தட்டாமாலை சுற்றினார்கள். சத்தம் கேட்டு எழுத்தர் தேவேந்திரன் கதவில் தலையை நீட்டினார்.

"என்ன மேடம், பூகம்பமா?"

"இல்ல சார்! எரிமலை! பக்கா எரிமலை!"

கடைசிக் கடிதம் இரண்டே வரி. கருவி அங்கேயே இருக்கட்டும். கிரைண்டரை ஒரு கிலோமீட்டர் தள்ளி வைக்கவும். இப்போது மாவுத் தூக்குகளை ஸ்கூட்டரில் சுமந்து வருபவன் கோவிந்தராஜ். செருப்பைப் பற்றி அவன் பேசுவதே இல்லை.

அந்தக் கடிதம் சரியாக மாவரைக்கும் நாளில், உளுந்து முடிந்து அரிசி போட்டபோது வந்து சேர்ந்தது: 12 ஜூன் 2024, புதன்.