இரவல் அக்கா

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கல்யாணத்தில்தான் அந்த அம்மாளைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். ஒடிசலான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவள் பக்கத்தில் நிற்க, இருவரையும் ஒரு சேலையால் இணைப்பார்கள். அன்று அந்த இடத்தில் நின்றவர் இவர். நின்றதும் மாப்பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டார்: "உம்பேரென்ன சாமி?"

பந்தியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளைக்கு நீங்க என்ன வேணுமுங்க?" என்று கேட்டேன்.

"ஒரு ஒறவும் இல்லீங்க. கூடப்பொறந்தவ இல்லாத ஊட்டுக்கெல்லாம் என்னையத்தான் கூப்புடுவாங்க. பேரு தெரியாம எப்படிங்க அக்காளா நிக்கறது?"

"பெரியப்பன், சித்தப்பன் பொண்ணுங்க இல்லீங்களா?"

"எல்லா ஊட்லயும் ஒத்தப் பையன். பொண்ணுன்னு தெரிஞ்சா பொறக்க உட்டாத்தானுங்க? தப்பிப் பொறந்த ஒண்ணு ரெண்டும் வேலைக்குன்னு கோயமுத்தூர் போயி அங்கயே நின்னுக்குதுங்க. சீருக்குக்கூட வாரதில்ல. டவுன்ல அக்கா தங்கச்சிக்குப் பஞ்சமில்லீங்க, அங்க இருந்து என்னைய யாரும் கூப்புடறதில்ல."

பந்தியை விசாரித்துக்கொண்டே வந்த மாப்பிள்ளையின் தாய், இந்தப் பேச்சு காதில் விழுந்ததோ என்னவோ, இந்த அம்மாளின் இலையை மட்டும் பார்க்காமல் தாண்டிப் போனார். இவர் நிதானமாக ரசத்தைப் பிசைந்தார்.

"உங்களுக்கு எத்தனை கொழந்தைங்க?"

"ஒரு பையன்."

"பேரு?"

சொன்னேன். மறந்துவிடக் கூடாது என்பதுபோல் அதை ஒரு முறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.